பெயர் போடாத வேண்டுதல்

அத்தியாயம் 11

மாலை ஆறு மணிக்குள் பதில் வர வேண்டும் என்று கம்பனி எழுதியிருந்தது. காலை ஏழு மணிக்கே டெனிஷா சாப்பாட்டு மேசையில் பழைய கலண்டர் தாள் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, நடுவில் கோடு கிழித்துவிட்டாள். கொழும்பு கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறவள். எதையும் எழுதிப் பார்க்காமல் அவளுக்கு யோசிக்க வராது. இன்றைக்கு லீவு போட்டிருந்தாள்.

எதிரே அவள் கணவன் ரொனி சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தான். பதினான்கு மாதங்களுக்கு முன் அவன் விமானம் ஓட்டிய சிறிய கம்பனி ஒற்றை மின்னஞ்சலோடு மூடப்பட்டது. அன்றிலிருந்து காரை வாடகைக்கு ஓட்டுகிறான். தெமட்டகொடையில் மீன்பெட்டியோடு ஏறுகிற பயணிக்கும் இஸ்திரி போட்ட சட்டையோடுதான் கதவைத் திறந்துவிடுவான்.

"முதல்ல நல்லதுகளச் சொல்லுங்க."

"பறக்கலாம்."

"அது ஒண்டு."

"அதுதான் எல்லாம், டெனி."

அவள் எழுதினாள். அதற்குக் கீழே மற்றவற்றையும் எழுதினாள். சம்பளம் டொலரில். நாலு வருடத்தில் கப்டன் ஆகலாம். சிமியுலேட்டர் சோதனைக்குக் கம்பனியே அனுப்பும். அந்தக் கடைசி வரிக்கு அவள் இரண்டு முறை கோடு போட்டாள். இந்த மாதம் முடிவதற்குள் அந்தச் சோதனையில் தேறாவிட்டால் எயார்பஸ் ஓட்டும் தகுதி அவன் லைசன்ஸில் காலாவதியாகிவிடும். சொந்தச் செலவில் அதைத் திரும்ப எடுக்க அந்த வீட்டில் வழியில்லை. முப்பத்தாறு வயதில், அவ்வளவு காலம் தரையில் நின்ற ஒருவனை எந்தக் கம்பனியும் தேடி வரப்போவதுமில்லை. வளைகுடாவில் இருக்கிற இந்த சார்ட்டர் கம்பனி ஒன்றுதான் கூப்பிட்டிருந்தது.

"இப்ப கெட்டது."

ரொனி வாய் திறப்பதற்குள் மேசையின் மறுமுனையில் பத்திரிகை மடிந்தது. மாமனார் நிக்கலஸ், துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"சார்ட்டர் எண்டா என்ன எண்டு எனக்குத் தெரியும். ஹாபர்ல கெஷுவல் ஆக்கள் கேற்றுக்கு முன்னால நிப்பாங்க. கப்பல் வந்தா வேலை. வராட்டி பிளேன்டி குடிச்சிட்டு வீட்ட போறது. இவர் டை கட்டிக்கொண்டு நிக்கப்போறார். அவ்வளவுதான் வித்தியாசம்."

"டடா, இது கேற்றுக்கு முன்னால நிக்கிற வேலை இல்ல."

"ஓம், இது ஹொட்டேலுக்குள்ள நிக்கிற வேலை."

ரொனிகூடச் சிரித்துவிட்டான். ஆனால் அவர் சொன்னதில் பிழையில்லை. அந்தக் கம்பனிக்குச் சொந்தப் பயணிகள் இல்லை. விமானத்தையும் அதை ஓட்டுகிறவர்களையும் சேர்த்து மற்றக் கம்பனிகளுக்கு வாடகைக்கு விடும். ஹஜ் காலத்தில் யாத்திரிகர்கள், கோடையில் உல்லாசப் பயணிகள். சீசன் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். நாற்பத்தைந்து நாள் வேலை, பதினைந்து நாள் வீடு என்பது கடிதத்தில் இருக்கிற கணக்கு. பறக்காத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதும் அதே கடிதத்தில், சின்ன எழுத்தில் இருந்தது.

கலண்டர் தாளின் இரண்டு பக்கமும் நிரம்பின. ஒரு விசயத்தை மட்டும் அவள் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

போன வியாழக்கிழமை மாமியார் புளோறன்ஸ் உடுப்புத் துவைக்கும்போது ரொனியின் சட்டைப் பையில் பார்மசி உறை ஒன்று அகப்பட்டது. உறையில் நிக்கலஸ் என்று பெயர் எழுதியிருந்தது. நிக்கலஸ் பனடோல்கூட எடுக்காத மனிதர். நித்திரைக்கும் படபடப்புக்கும் கிருலப்பனையில் ஒரு டாக்டரிடம் தகப்பனின் பெயரைச் சொல்லி ரொனி ஐந்து மாதமாக மருந்து எடுத்து வருகிறான் என்பது அன்றைக்குத்தான் வீட்டுக்குத் தெரிந்தது. அந்த மாத்திரை எடுக்கிறவன் விமானம் ஓட்டக் கூடாது. கம்பனியின் சுகாதாரப் படிவத்தில் அந்தக் கேள்விக்கு நேரே ரொனி ‘இல்லை’ என்று அடையாளமிட்டிருந்தான். அது நான்கு பேருக்குத்தான் தெரியும். நான்கு பேரும் இந்த வீட்டில்தான் இருந்தார்கள்.

புளோறன்ஸ் கைப்பையோடு வெளியே வந்தார்.

"நான் வேளைக்குப் போறன். நாலு மணி நவநாளுக்கு ரெண்டு பேரும் வந்து சேருங்க."

"இப்ப ஏன் மாமி? எட்டு மணிகூட ஆகேல்ல."

"கடிதம் போடோணும் மகள். பெட்டி நிறைஞ்சா பிந்திப் போடுறதுகள வாசிக்க மாட்டாங்க."

"என்ன எழுதினீங்க?"

"அந்தோனியாருக்கு எழுதினத உனக்கேன்?" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

*

பத்து மணிக்கு அவர்கள் வெள்ளவத்தையில் கப்டன் ஒஸ்வால்டின் வீட்டில் இருந்தார்கள். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் மூன்றாம் மாடி. அறுபத்துமூன்று வயதில் தனியாக இருக்கிற மனிதர். இதே கம்பனியில் எட்டு வருடம் ஓட்டியவர். கொட்டாஞ்சேனையில் ரொனி வீட்டாரின் பங்கிலேயே பிறந்தவர் என்பதால் இன்னமும் செவ்வாய்க்கிழமைகளில் அந்தப் பழைய பங்குக் கோவிலுக்குத்தான் போவார்; இன்றும் செவ்வாய். மீன் வைத்த மாலுபண்ணும் தேத்தண்ணியும் வைத்துவிட்டு அவர் உட்கார்ந்தார்.

"ஆறு மணிக்குக் கெடு எண்டா இப்பதான் வாறியள். பரவாயில்ல. நல்லதச் சொல்லட்டா, உண்மையச் சொல்லட்டா?"

"ரெண்டையும் சொல்லுங்க அங்கிள்" என்றாள் டெனிஷா.

"முதல் வருசமே பதினொரு நாட்டில இறங்கினன். ரன்வேயில ஆடு நிண்டதால இறங்காம திரும்ப மேல எழும்பின எயார்போட்டும் இருக்கு. பெரிய கம்பனியில இருபது வருசம் ஒரே றூட்டில போய் வந்து படிக்காதத அங்க படிச்சன். பைலட் எண்டா என்ன எண்டு அங்கதான் விளங்கினது. அது பொய்யில்ல."

ரொனியின் முகம் ஒரு கணம் பழைய முகமாக இருந்தது. டெனிஷா அதைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்துக் கனகாலம்.

"மற்றது?"

"ரோஸ்டர் எண்டு ஒண்டு இல்ல, மகள். ஹொட்டேல்ல படுத்திருப்பன். போன் அடிக்கும். மூண்டு மணித்தியாலத்தில வெளிக்கிடு எண்டுவான். எங்க எண்டு போனாத்தான் தெரியும். ராப்பகல் உடம்புக்கு மறந்து போயிடும். ஒருக்கா மூண்டு கிழமை சும்மா வச்சிருந்தான், பிறகு நாலு நாள் மூச்சு விடவும் விடேல்ல. என்ட மூத்தவளிட கலியாணத்துக்கு ரெண்டு நாள் பிந்திப் போனன். கேக் எடுத்து வச்சிருந்தாள். அதுக்குப் பிறகு அவள் என்னோட பெரிசாக் கதைக்கிறதில்ல."

அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"அந்த வேலைக்கு மூளை கனக்கத் தேவையில்ல. நித்திரைதான் வேணும். எந்தக் கட்டில்லயும், எந்த நேரத்திலயும், படுத்தவுடன நித்திரை வரோணும். வராதவன் மூண்டாம் மாசம் பிழை விடுவான். நான் கண்டிருக்கிறன்." ரொனியைப் பார்த்தார். "உனக்கு நித்திரை எப்பிடி?"

"பிரச்சின இல்ல, கப்டன்."

சொன்ன வேகத்தில் தயக்கம் துளியும் இருக்கவில்லை. டெனிஷா பன்னின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கீழே பாணந்துறை ரயில் போனது. அது போய் முடியும்வரை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"நல்லது. அதாலதான் நான் கடிதம் குடுத்தனான். ‘எனக்குத் தெரிந்தவர், நம்பி விடலாம்’ எண்டு என்ட கையெழுத்தில இருக்கு. வேற ஒருத்தருக்கும் அப்பிடி எழுதேல்ல."

வாசலில் அவர் தன் நம்பரை டெனிஷாவின் போனில் போட்டுக் கொடுத்தார். "இவன் எந்த நாட்டில நிக்கிறான் எண்டு தெரியாட்டி எனக்கு அடி. நாலு மணிக்குக் கோவில்ல காணுவம்."

*

கார் பம்பலப்பிட்டியைத் தாண்டியது. ரொனியின் போன் ஒரு வாடகைப் பயணத்தைக் காட்டிச் சத்தமிட்டது. அவன் அதை அணைத்தான்.

"ஏன் அவருக்குப் பொய் சொன்னீங்க?"

"உண்மையச் சொன்னா என்ன நடக்கும், சொல்லு."

"நீங்களே சொல்லுங்க."

"மெடிக்கல் சேட்டிபிகேற்ற நிப்பாட்டுவாங்க. எத்தினை மாசத்துக்கு எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்குள்ள எயார்பஸ் றேட்டிங் முடிஞ்சிடும்." விமானத்தில் அறிவிப்புச் செய்கிற அதே சமமான குரலில் அவன் சொல்லிக்கொண்டு போனான். "மாத்திரைய விட்டா நித்திரை இல்ல. நித்திரை இல்லாட்டி பறக்க ஏலாது. மாத்திரை போட்டாலும் பறக்க ஏலாது. பறக்காததாலதான் நித்திரை இல்ல. இதில எங்க நான் பிழை விட்டன் எண்டு நீ அந்தத் தாளில எழுதித் தா."

"போய்ச் சேர்ந்தா நித்திரை வரும் எண்டு நினைக்கிறீங்களா?"

"வரும்."

"வராட்டி?"

மருதானைச் சந்தியில் சிவப்பு விழுந்து கார் நின்றது. பச்சை விழுந்தது. கார் நகரவில்லை. பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது, பிறகு இரண்டு முச்சக்கர வண்டிகள். டெனிஷா திரும்பிப் பார்த்தாள். ரொனியின் கண்கள் திறந்துதான் இருந்தன. விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரொனி."

"ஓம், ஓம்" என்று அவன் கியரைப் போட்டான்.

ஐந்து விநாடி இருக்கும். ஐந்து விநாடியில் ஒரு விமானம் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவன் சரியான விடையைச் சொல்லிவிடுவான்.

*

நாலு மணிக்குக் கோவில் நிறைந்திருந்தது. வெளியே நின்றவர்கள்தான் கூட. மெழுகுதிரிச் சூட்டில் மின்விசிறிகள் வெறுமனே சுற்றின. புளோறன்ஸ் நடு வரிசை ஒன்றில் இடம் பிடித்து வைத்திருந்தார். டெனிஷா நடுவில், ரொனி ஓரத்தில். இரண்டு வரிசைக்கு முன்னால் ஒஸ்வால்டின் நரைத்த பிடரி தெரிந்தது.

அந்தப் பங்கில் ஒரு வழக்கம் இருந்தது. அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் மரப்பெட்டி ஒன்று இருக்கும். வேண்டுதல் எழுதியவர்கள் அதில் போடுவார்கள். நவநாள் செபத்துக்கு முன், அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு கடிதங்களை எடுத்து மைக்கில் வாசிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் சனம் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று சொல்லும். கடிதத்தில் பெயர் போடுவதில்லை. ‘ஒரு தாய்’, ‘ஒரு மாணவி’, அவ்வளவுதான். பெட்டிக்குள் போனது புனிதருக்கு மட்டும் என்று நினைக்கிற பழைய ஆட்களும் இருந்தார்கள்.

இன்றைக்கு வாசித்தவள் பாடகர் குழுவின் டிலக்ஷி. அவர்களுடைய ஒழுங்கையில் நாலாவது வீடு. பரீட்சைக்கு ஒன்று, சிறுநீரகக் கல்லுக்கு ஒன்று, கனடா விசாவுக்கு மூன்று என்று வாசித்துக்கொண்டு போனவள் அடுத்த கடிதத்தை விரித்தாள்.

"கோடி அற்புதரே, விமானம் ஓட்டும் என் மகனுக்கு இன்று வெளிநாட்டு வேலை கையெழுத்தாக வேண்டும். ஒரு வருடமாக அவனுக்கு நித்திரை இல்லை."

டிலக்ஷியின் குரல் மெதுவானது. யாருடையது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. பாதியில் நிறுத்தினாலும் எல்லோருக்கும் விளங்கிவிடும் என்பதும் விளங்கியிருக்க வேண்டும். அவள் தலை நிமிராமல் வாசித்தாள்.

"மனப் படபடப்புக்கு மாத்திரை எடுக்கிறான். கம்பனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். தெரியாமல் காத்தருளும். மாத்திரை இல்லாமல் அவன் நித்திரை கொள்ள வரம் தாரும். இப்படிக்கு, ஒரு தாய்."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது சனம்.

தலைகள் திரும்பின. ஒன்று, பிறகு மூன்று, பிறகு ஒரு வரிசை. அந்தப் பங்கில் விமானம் ஓட்டுகிறவன் ஒருவன்தான். திரும்பாத தலை ஒஸ்வால்டுடையது. அந்த நரைத்த பிடரி அசையவேயில்லை. டெனிஷா ரொனியின் கையைத் தேடினாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செபம் முடிந்து வெளியே, மெழுகுதிரித் தட்டுக்குப் பக்கத்தில் புளோறன்ஸ் அவன் சட்டையைப் பிடித்தார்.

"பேர் போடேல்ல மகன். நான் பேர் போடேல்ல."

"மம்மி, இந்தப் பங்கில எத்தினை பைலட் இருக்கிறாங்க?"

"பாதிய மறைச்சுப் பாதியச் சொன்னா அந்தோனியார் கேப்பாரா? முழுசாச் சொன்னாத்தானே..."

ஒஸ்வால்ட் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். புளோறன்ஸைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு ரொனியிடம், "எவ்வளவு நாளா?" என்றார்.

"அஞ்சு மாசம்."

"என்ட மேசையில இருந்து, என்ட தேத்தண்ணியக் குடிச்சுக்கொண்டு சொன்னனீ, பிரச்சின இல்ல எண்டு."

"ஓம், கப்டன்."

"மாத்திரை எடுத்தது பிழை எண்டு நான் சொல்லேல்ல. எத்தினை பேர் நித்திரையில்லாமலே, மாத்திரையும் எடுக்காம ஓட்டினாங்க எண்டு எனக்குத் தெரியும். அதில ஒருத்தன்ர பக்கத்து சீற்றில நான் இருந்திருக்கிறன்." அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நீ கையெழுத்துப் போட்டு அனுப்பாட்டி நான் ஒண்டும் கேட்கேல்ல. கோவில்ல கேட்டது கோவிலோட. நீ அனுப்பினா என்ட கடிதத்த நான் திருப்பி எடுக்கோணும். ஏன் எண்டும் எழுதோணும்."

"எழுதினா என்ட லைசன்ஸ் முடிஞ்சுது."

"தெரியும்."

"அப்ப நான் அனுப்பினனா எண்டு ஆறு மணிக்குக் கம்பனிட்டக் கேளுங்க."

"கம்பனிட்ட நான் கேக்க மாட்டன்." ஒஸ்வால்ட் டெனிஷாவின் பக்கம் திரும்பினார். "ஆறரைக்கு உனக்கு அடிக்கிறன், மகள்."

"நான் ஏன் அங்கிள்?"

"இவன் முழிச்சிருக்கிறத ஒவ்வொரு நாளும் பாக்கிறது நீதானே."

*

வீட்டுக்கு வரும்போது ஐந்தேகால். நிக்கலஸுக்கு அதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் மனைவியைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார்.

ரொனி போனில் ஒப்பந்தத்தைத் திறந்து மேசையில் வைத்தான். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு மஞ்சள் கட்டம். கலண்டர் தாளை டெனிஷா எடுத்து மடிக்கப் போனாள்.

"அது தேவையில்ல" என்றான். "ஒரு கேள்விதான் இருக்கு. நான் ஓட்டுற பிளேன்ல நீ ஏறுவியா?"

"ஏறுவன்."

யோசிக்காமல்தான் சொன்னாள். அது உண்மையும்கூட. அவன் தலையாட்டினான்.

"நூற்றி எண்பது சீற். நீ ஒராள். மற்ற நூற்றி எழுபத்தொன்பது பேரை ஏத்துவியா?"

மருதானைச் சந்தியின் பச்சை விளக்கு அவள் கண்ணுக்கு முன்னால் நின்றது. பாலைவனத்துக்கு நடுவில் ஏதோ ஒரு ஊர், ஹஜ்ஜுக்குப் போக வெள்ளை உடுப்போடு வரிசையில் நிற்கிற கிழவர்கள், அவர்களுக்குப் பெயர் தெரியாத ஒரு விமானி. சொல்ல வேண்டிய பொய் சின்னப் பொய்தான். ஒரு சொல். இன்று காலை அவன் ஒஸ்வால்டுக்குச் சொன்னதைவிடச் சின்னது. அவள் வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை.

ரொனி காத்திருந்தான். சுவர் மணிக்கூட்டில் ஐந்து நாற்பது, ஐந்து நாற்பத்தைந்து.

"சரி" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். "நானும் ஏத்த மாட்டன், டெனி."

பிறகு சுட்டுவிரலால் மஞ்சள் கட்டத்தில் கையெழுத்துப் போட்டான். அனுப்பினான்.

"ரொனி."

"கீழ நிண்டு கொஞ்சம் கொஞ்சமாப் போறத விட இது பரவாயில்ல. ஒஸ்வால்ட் எழுதினா எழுதட்டும். அவர் முடிக்கட்டும். என்ட கையால நான் முடிக்க மாட்டன்." அவன் எழும்பினான். "நீ அவருக்கு என்ன சொல்லுறாய் எண்டத நான் கேக்க மாட்டன்."

அறைக்குள் போனான். கட்டில் சத்தம் கேட்டது.

அவள் மேசையிலேயே இருந்தாள். சொன்னால் இந்த வீட்டில் ஒரு மனிதனை என்றைக்கும் தரையில் கட்டிப்போட்டவள் அவளாக இருப்பாள். சொல்லாவிட்டால் அவன் பறக்கிற ஒவ்வொரு நாளும் அவள் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கோடு கிழித்து எழுத இதில் நல்ல பக்கம் என்று ஒன்று இல்லை.

ஆறு இருபத்தெட்டுக்கு அவள் எழும்பினாள். அவனையே கதைக்க வைப்பது என்று முடிவு செய்திருந்தாள். பொய்யோ உண்மையோ அவன் வாயால் வரட்டும். அறைக்குள் போய்த் தோளைத் தொடக் கையை நீட்டினாள்.

ரொனி நித்திரை. சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்கியது. மேசை லாச்சியைத் திறந்து உறையை எடுத்து அவள் மாத்திரைகளை எண்ணினாள். நேற்று இரவு எண்ணியபோது இருந்ததே இருந்தது. எத்தனை மாதம், அவள் ஒரு பக்கம் நித்திரைபோல் கிடக்க, அவன் மறுபக்கம் கூரையைப் பார்த்துக் கிடந்தான். இன்றைக்கு வெளிச்சம் போகுமுன் இப்படி.

கையில் போன் அதிர்ந்தது.

"சொல்லு மகள்" என்றார் ஒஸ்வால்ட்.

"அவர்... நித்திரை, அங்கிள்."

"மாத்திரை போட்டோ?"

"இல்ல. போடேல்ல."

மறுபக்கத்தில் ரயில் ஒன்று கடந்து போனது.

"முடிவெடுத்தவனுக்கு நித்திரை வரும். அப்ப அனுப்பிட்டான்."

டெனிஷா கட்டிலைப் பார்த்தாள். ரொனி முகத்தைத் தலையணையில் புதைத்து, மறுபக்கம் புரண்டு படுத்தான். அவள் பின்னோக்கி நடந்து வெளியே வந்தாள். அவன் எழும்பிவிடாமல் அறைக் கதவை மெதுவாகச் சாத்தினாள். பிறகு மருதானைச் சந்தியின் பச்சை விளக்கிலிருந்து பேசத் தொடங்கினாள்.